அலுவலகத்துக்கென்று ஓர் எண்: இணையவழித் தொலைபேசியின் பயன்கள்

இணையத்தின் வழியே குரலை அனுப்பும் தொலைபேசி முறையைப் பரிந்துரைப்போர் அதன் கட்டணக் குறைவையே முதலில் எடுத்துரைப்பது வழக்கம். உள்நாட்டு அழைப்புகளுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் என்பதே ஏறத்தாழ மறைந்துவிட்ட இன்றைய இந்தியாவில் அந்த வாதம் வலுவிழந்துவிட்டது. ஒரு வணிக அலுவலகத்துக்கு அம்முறை தரும் முதன்மையான நன்மையை வேறிடத்தில் தேட வேண்டும். லேண்ட்லைன் செல்வாக்கிழந்து கைபேசி எங்கும் பரவிய பின்னர், தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர நிறுவனங்கள் பலவற்றின் வணிகத் தொடர்பு உரிமையாளரின் கைபேசிக்கும், விற்பனைப் பிரிவில் பணியாற்றும் ஓரிருவரின் கைபேசிக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. அந்த ஊழியர் விடுப்பில் சென்றால் வாடிக்கையாளரின் அழைப்பை ஏற்க ஆளில்லை. அவர் வேலையை விட்டு விலகினால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த தொடர்புகளும் அவருடைய சிம் கார்டோடு வெளியேறிவிடுகின்றன. யார் அழைத்தார், எதற்காக அழைத்தார், அவரைத் திருப்பி அழைத்தவர் யார் என்பதற்கு நிறுவனத்திடம் எந்தப் பதிவும் எஞ்சுவதில்லை. தனிமனிதரின் சட்டைப்பைக்குப் போய்விட்ட இந்தத் தொடர்பை மீண்டும் நிறுவனத்தின் உடைமையாக்கும் ஆற்றல் இணையவழித் தொலைபேசிக்கு இருக்கிறது. அதை ஏற்பதற்கு இதுவே போதிய காரணம்.

முன்பு இந்தப் பணியைச் செய்தது இபிஏபிஎக்ஸ் எனப்படும் கருவி. அதை அலுவலகத்துக்குள்ளேயே அமைந்த ஒரு சிறு தொலைபேசி நிலையம் எனலாம். வெளியிலிருந்து வரும் நான்கைந்து லைன்களை ஐம்பது மேசைகள் பகிர்ந்துகொள்ளவும், இரண்டு மூன்று இலக்கங்களை அழுத்தி ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குக் கட்டணமின்றிப் பேசவும், வரவேற்பாளர் அழைப்பை ஏற்று உரியவருக்கு மாற்றிவிடவும் அது உதவியது. 1984-இல் நிறுவப்பட்ட சி-டாட் எனும் அரசு ஆய்வு மையம், இத்தகைய சிறிய மின்னணு நிலையங்களை இந்தியாவிலேயே வடிவமைத்து அவற்றைத் தயாரிக்கும் உரிமத்தை உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு வழங்கியது. பயனுள்ள கருவியே ஆயினும் அதன் எல்லைகள் இறுக்கமானவை. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனித்தனியே ஓர் இணைச் செம்புக் கம்பி இழுக்கப்பட வேண்டும். ஒருவர் மேசை மாறினால் கம்பியும் மாற வேண்டும். கருவியில் உள்ள இணைப்பு முனைகள் தீர்ந்துவிட்டால் புதிய அட்டையோ புதிய கருவியோ வாங்க வேண்டும். பெரிய அலுவலகங்கள் பெறும் பி.ஆர்.ஐ. எனும் இணைப்பிலும் ஒரே நேரத்தில் முப்பது அழைப்புகளுக்கே இடம் உண்டு. முப்பத்தோராவது அழைப்புக்காக இன்னொரு முழு இணைப்பையே வாங்க நேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிலையத்தின் ஆட்சி பெரும்பாலும் ஒரு கட்டடத்தின் சுவர்களுக்குள் அடங்கியது.

இணையவழி முறை இந்த எல்லைகளை எவ்வாறு கடக்கிறது என்பதை அறிய, குரல் பயணம் செய்யும் விதத்தைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். பழைய வலையமைப்பில் இருவர் பேசத் தொடங்கியவுடன் அவர்களுக்கிடையே ஒரு தடம் முழுமையாக ஒதுக்கப்படுகிறது. இருவரும் மௌனமாக இருந்தாலும், இணைப்பைத் துண்டிக்கும் வரை அத்தடத்தை வேறெவரும் பயன்படுத்த இயலாது. இது ஒரு சாலையை முழுவதுமாக மறித்து ஒரே வண்டிக்கு விட்டுக்கொடுப்பதற்கு ஒப்பானது. இணையத்திலோ தரவு எதுவாயினும் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் சேர வேண்டிய முகவரி பொறிக்கப்பட்டு, மற்றவர்களின் பொதிகளோடு கலந்தே பயணம் செய்கிறது. தொலைபேசிக் குரலை எண்களாக மாற்றுவதற்கு 1972-இல் வகுக்கப்பட்டு இன்றும் வழக்கிலுள்ள ஜி.711 எனும் தரநிலை, குரல் அலையை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதுகிறது. ஆகவே ஒரு நொடிப் பேச்சு 64,000 பிட்டுகளாகிறது. இணையவழித் தொலைபேசி இந்தப் பிட்டுகளைப் பொதுவாக 20 மில்லிநொடிக்கு ஒரு பொதி என்ற கணக்கில், நொடிக்கு 50 பொதிகளாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு பொதியில் 160 பைட் குரலும், முகவரி முதலியவற்றுக்கு 40 பைட்டும் அடங்கும். எனவே ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 80 கிலோபிட் தேவைப்படுகிறது. இருபது பேர் ஒரே வேளையில் பேசினாலும் இரண்டு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால், சாதாரண ஃபைபர் இணைப்புக்கே இது பெரிய சுமையன்று. 'எங்கள் இணையம் இதைத் தாங்குமா' என்று பல அலுவலகங்கள் கொள்ளும் அச்சம், வேகத்தைப் பொறுத்தவரை ஆதாரமற்றது.

குரலைப் பொதிகளாக அனுப்பும் முயற்சி புதியதன்று. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் 1970-களின் நடுப்பகுதியிலேயே அத்தகைய சோதனைகள் நடந்தேறின. இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட மென்பொருள், கணினியிலிருந்து கணினிக்குப் பேசும் வசதியைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தது. அலுவலகத்தைப் பொறுத்தவரை திருப்புமுனையான ஆண்டு 1999. அழைப்பைத் தொடங்குவது, மணியடிப்பது, வேறொருவருக்கு மாற்றுவது, முடிப்பது ஆகியவற்றுக்கான பொதுவிதிகளான சிப் எனும் நெறிமுறை அவ்வாண்டில்தான் வெளியிடப்பட்டது. ஒரே விதிகளைப் பின்பற்றுவதால் ஒரு நிறுவனத்தின் தொலைபேசியும் மற்றொரு நிறுவனத்தின் இணைப்பகமும் (அலுவலகத் தொலைபேசி நிலையமும்) ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி பிறந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கணினி உதவி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்த மார்க் ஸ்பென்சர் எனும் இளைஞர், தொலைபேசி இணைப்பகம் வாங்கப் பணமில்லாத நிலையில் அதைத் தாமே மென்பொருளாக எழுதினார். ஆஸ்டரிஸ்க் எனப் பெயரிடப்பட்ட அம்மென்பொருள் எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடியதாக வெளியிடப்பட்டதால், லட்சக்கணக்கில் விலை சொல்லப்பட்ட வசதிகள் ஒரு சாதாரணக் கணினியில் இயங்கத் தொடங்கின. தொலைபேசி நிலையம் என்பது இரும்புப் பெட்டியிலிருந்து மென்பொருளாக மாறியதே இந்த வரலாற்றின் சாரம். இன்று கிடைக்கும் நன்மைகள் அனைத்தும் அம்மாற்றத்திலிருந்து கிளைத்தவை.

ஓர் அலுவலகம் இம்முறையை இரு வகையில் ஏற்கலாம். இணைப்பக மென்பொருளைத் தன் கட்டடத்திலேயே ஒரு கணினியில் நிறுவிக்கொண்டு, வெளியுலகத் தொடர்புக்கு மட்டும் பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், டாடா டெலி போன்ற உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து சிப் டிரங்க் எனப்படும் இணையவழி லைனைப் பெறுவது ஒரு வகை. இணைப்பகத்தையே சேவை நிறுவனத்தின் தரவு மையத்தில் விட்டுவிட்டு, ஓர் ஊழியருக்கு மாதம் இவ்வளவு எனக் கட்டணம் செலுத்துவது மற்றொரு வகை. இதையே கிளவுட் தொலைபேசி என்கின்றனர். கணினித் துறையில் தேர்ந்த ஊழியர் இல்லாத பத்துப் பதினைந்து பேர் கொண்ட அலுவலகத்துக்கு இரண்டாவது வகையே பொருந்தும். முதல் வகையில் பணம் மிஞ்சினாலும், பழுது நேரும் நாளில் அதைச் சரிசெய்ய ஆளில்லாமல் அலுவலகம் முழுவதும் ஊமையாகிவிடும். இரண்டிலும் மேசைமேல் வைக்கும் ஐ.பி. தொலைபேசியையோ, காதில் மாட்டும் ஹெட்செட்டோடு கணினியையோ, செயலி நிறுவிய கைபேசியையோ பயன்படுத்தலாம். பழைய தொலைபேசிகளைத் தூக்கியெறிய மனமில்லாதோர், அடாப்டர் எனும் சிறு கருவியின் உதவியோடு அவற்றையே தொடர்ந்து பயன்படுத்தவும் வழி உண்டு.

இம்முறையில் எக்ஸ்டென்ஷன் எண் கம்பிக்கு உரியதாக இராமல் ஊழியரின் பதவிக்கு உரியதாகிவிடுகிறது என்பதே நடைமுறையில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தலைமை அலுவலகம் ஓரிடத்திலும், தையல் பிரிவு வேறிடத்திலும், பேக்கிங் இன்னோரிடத்திலும், சாயமிடுதல் வெளியார் ஆலையிலுமாகப் பிரிந்து கிடப்பது அவ்வூரின் தொழில் அமைப்பு. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசி ஆர்டரை நடத்திச் செல்லும் மெர்ச்சண்டைசர், ஒரு நாளில் இவ்விடங்கள் அனைத்துக்கும் அலைய நேர்கிறது. ஐரோப்பிய அலுவலகங்கள் திறக்கும் வேளையில் திருப்பூரில் நண்பகல் கடந்திருக்கும், அவை மூடும்போது இங்கே இரவாகியிருக்கும். அவருடைய எக்ஸ்டென்ஷன் இணையவழியில் அமைந்திருந்தால், அலுவலக எண்ணுக்கு வரும் அழைப்பு அவருடைய மேசையிலும் கைபேசிச் செயலியிலும் ஒருசேர மணியடிக்கும். அவர் பேக்கிங் பிரிவில் நின்றோ வீட்டில் இருந்தோ பேசினாலும் எதிர்முனையில் தெரிவது அலுவலக எண்ணே. நாளை அவர் வேறு நிறுவனத்துக்குச் சென்றுவிட்டால், அதே எக்ஸ்டென்ஷனைப் புதியவரின் செயலிக்குச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். வாடிக்கையாளர் சுழற்றும் எண் மாறுவதில்லை, பழைய அழைப்புகளின் பதிவும் நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. மூன்று இடங்களும் ஒரே இணைப்பகத்தின்கீழ் வருவதால், தையல் பிரிவிலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் பேசுவது அடுத்த அறைக்கு இன்டர்காமில் பேசுவதற்கு நிகராகிறது.

அழைப்புகளின் பதிவு என்பது சிறிய வசதியாகத் தோன்றினும், நிர்வாகத்துக்கு அதுவே கண்களைத் திறந்துவிடும் கருவி. எந்தெந்த அழைப்புகள் ஏற்கப்பட்டன, எவை ஏற்கப்படாமல் விடுபட்டன, அழைத்தவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார், விடுபட்டவரை எவரேனும் திருப்பி அழைத்தனரா ஆகிய விவரங்கள் நாள்தோறும் ஒரு பட்டியலாகக் கிடைக்கின்றன. ஒரு மருத்துவமனையிலோ பழுதுபார்க்கும் சேவை மையத்திலோ, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்புகள் குவிந்து பாதி விடுபடுகின்றன என்பதும், பிற்பகலில் மூவர் வேலையின்றி அமர்ந்திருக்கின்றனர் என்பதும் ஊகமாக இராமல் எண்களாகத் தெரியவரும்போது, பணிநேரத்தை மாற்றியமைப்பது எளிதாகிறது. குழு மணி எனும் அமைப்பில் ஓர் அழைப்பு நான்கு மேசைகளில் ஒருசேர ஒலிக்கும், அல்லது ஒருவர் எடுக்காவிடில் அடுத்தவருக்குச் செல்லும். வரிசை எனும் அமைப்பில், அனைவரும் பேசிக்கொண்டிருக்கும்போது வரும் அழைப்பு துண்டிக்கப்படாமல் காத்திருக்க வைக்கப்படும். வாடிக்கையாளர் விவரங்களைப் பேணும் மென்பொருளோடு தொலைபேசியை இணைத்துவிட்டால், மணியடிக்கும்போதே அழைப்பவரின் பெயரும் முந்தைய கொள்முதலும் கணினித் திரையில் தோன்றும். 'நீங்கள் யார், எந்த ஊர்' என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விசாரிக்கப்படும் எரிச்சலிலிருந்து வாடிக்கையாளர் விடுதலை பெறுகிறார்.

இவ்வசதிகளில் ஒன்று மட்டும் பெரிதும் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும் என்று தொடங்கும் தானியங்கி வரவேற்பு, அழைப்பவரை விரைவாக உரிய பிரிவுக்கு அனுப்புவதற்காக உருவானது. பல நிறுவனங்களில் அதுவே அழைப்பவரை மனிதரிடம் சேரவிடாமல் தடுக்கும் மதிலாகிவிட்டது. பத்துப் பேர் பணியாற்றும் அலுவலகத்துக்கு ஐந்து அடுக்குப் பட்டியல் தேவையே இல்லை. முதல் அடுக்கில் மொழியும் இரண்டாம் அடுக்கில் பிரிவும் கேட்கப்பட்டு, எந்த நிலையிலும் ஓர் எண்ணை அழுத்தினால் ஆளோடு பேசலாம் என்ற வாய்ப்பு இருப்பதே வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை. முதியோரும் எழுத்தறிவு குறைந்தோரும் மிகுதியாக அழைக்கும் அலுவலகத்தில் ஆளே நேரடியாக எடுப்பது இன்னும் நன்று.

செலவைப் பொறுத்தவரை, சேமிப்பு நிமிடக் கட்டணத்தைக் காட்டிலும் அமைப்புச் செலவிலேயே வெளிப்படுகிறது. கணினிக்கென்று ஏற்கெனவே பதிக்கப்பட்ட வலையமைப்புக் கம்பியையே தொலைபேசியும் பகிர்ந்துகொள்வதால் தனிக் கம்பி வேண்டியதில்லை. தீபாவளி விற்பனைக்காகப் பத்துப் பேரைக் கூடுதலாகச் சேர்க்கும் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு மட்டும் பத்து இணைப்புகளைக் கூட்டிப் பின்னர் குறைத்துக்கொள்ளலாம். அலுவலகம் இடம் மாறினால் தொலைபேசிகளைப் பெட்டியில் கட்டி எடுத்துச் சென்று புதிய இடத்தில் செருகினால் போதும். ஒரே ஓர் எண்ணும் இரண்டு ஊழியர்களும் மட்டுமே உள்ள கடைக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. நிறுவனத்தின் பெயரில் வாங்கிய ஒரு கைபேசி எண்ணே அதற்குப் போதும்.

சட்டத்தின் எல்லையையும் அறிந்திருப்பது இன்றியமையாதது. இந்தியாவில் இணையவழித் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலில் அனுமதி கிடைத்தபோது, இணைய அழைப்பை உள்நாட்டுத் தொலைபேசி எண்களோடு இணைப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் அளித்த பரிந்துரையை ஏற்று, 2018-இல்தான் உரிமம் பெற்ற நிறுவனங்கள் செயலி வழியே எந்த எண்ணுக்கும் அழைப்பு வழங்க வழி திறக்கப்பட்டது. அழைப்பு மையங்கள் முதலியவற்றின்மீது இருந்த பதிவு, இடக் கட்டுப்பாடுகளை 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் தொலைத்தொடர்புத் துறை பெரிதும் தளர்த்தியது. ஆயினும் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்பை, உரிமம் பெற்ற நிறுவனத்தைத் தவிர்த்துவிட்டு உள்ளூர் எண்களில் இறக்குவது இன்றும் குற்றம். சிம் பாக்ஸ் எனும் கருவியை வைத்து அவ்வாறு நடத்தப்படும் கள்ளத் தொலைபேசி நிலையங்களைக் காவல்துறை பல மாநிலங்களில் பிடித்திருக்கிறது. நம்ப முடியாத மலிவு விலையில் வெளிநாட்டு அழைப்பு தருவதாக எவரேனும் கூறினால், அவருடைய உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பது அலுவலகத்தின் கடமை.

ஒலித்தரம் பற்றிய குறை பலரிடம் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் தாமதமும் ஒழுங்கின்மையுமே. பேசியவரின் குரல் மறுமுனையை அடைய 150 மில்லிநொடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடத் தொடங்குவர். பொதிகள் சீரற்ற இடைவெளியில் வந்தால் குரல் உடையும். வழியில் தொலைந்தால் சொற்கள் விழுங்கப்படும். ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது மற்றவரின் அழைப்பு திணறுவது இதனால்தான். குரல் பொதிகளுக்கு முன்னுரிமை தருமாறு ரவுட்டரை அமைப்பதும், மேசைத் தொலைபேசிகளை வைஃபையில் விடாமல் கம்பியில் இணைப்பதும் இக்குறையைப் பெரிதும் நீக்கிவிடும்.

மின்தடை இதைவிடக் கடுமையான சோதனை. பழைய லேண்ட்லைன் தொலைபேசி நிலையத்திலிருந்தே செம்புக் கம்பி வழியாக மின்சாரம் பெற்றதால், ஊரே இருளில் மூழ்கினாலும் அது ஒலித்தது. இணையவழித் தொலைபேசிக்கு ரவுட்டர், ஃபைபர் பெட்டி, வலையமைப்பு ஸ்விட்ச் ஆகிய அனைத்தும் மின்சாரம் பெற்றாக வேண்டும். பிரிட்டன் தன் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பரில் மூடத் திட்டமிட்டு, பின்னர் 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தது. வீட்டில் தனித்து வாழும் நோயாளிகளும் முதியோரும் அணியும் அவசர அழைப்புக் கருவிகள் செயலிழந்துவிடக் கூடாது என்ற கவலையே அதற்கு முக்கியக் காரணம். தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு இதற்கான தீர்வு கடினமானதன்று. வலையமைப்புக் கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் ஸ்விட்சுகள் கிடைக்கின்றன. அத்தகைய ஸ்விட்சையும் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டால் எல்லாத் தொலைபேசிகளும் ஒருசேரக் காக்கப்படும். அதோடு, இணையம் துண்டிக்கப்பட்டால் அழைப்புகள் தாமாகவே குறிப்பிட்ட கைபேசிகளுக்குச் செல்லுமாறு முன்கூட்டியே அமைத்துவைக்கலாம். கிளவுட் வகையில் இணைப்பகம் வேறு ஊரில் இயங்குவதால், அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்த நாளிலும் அந்த எண் மணியடித்துக்கொண்டிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னையின் வணிகர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட இன்னொரு விவரத்தை நிறுவுவோர் கவனிப்பதே இல்லை. வெளியே அழைக்க முதலில் 9 அல்லது 0 அழுத்த வேண்டும் என்ற வழக்கம் பல அலுவலக இணைப்பகங்களில் நீடிக்கிறது. 2013-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விடுதி அறையில் தாய் தாக்கப்படுவதைக் கண்ட சிறுமி அவசர எண்ணான 911-ஐப் பலமுறை அழுத்தியும், முன்னால் 9 சேர்க்க வேண்டும் என்பதை அறியாததால் அழைப்பு செல்லவில்லை, தாய் உயிரிழந்தார். எந்தத் தொலைபேசியிலிருந்தும் முன்னெண் இன்றி 911-ஐ அழைக்க முடிய வேண்டும் என்று 2018-இல் அங்கே சட்டமே இயற்றப்பட்டது. இங்கும் 112 எனும் எண் முன்னெண் இன்றி இயங்குகிறதா என்பதைத் தொலைபேசி அமைக்கப்படும் அன்றே உறுதிசெய்துகொள்ள வேண்டும். செயலி வழியே அழைப்பவர் எங்கிருக்கிறார் என்பதை இணைப்பகம் அறியாது என்பதால், அவசர வேளையில் ஊழியர்கள் தம் கைபேசியின் சாதாரண அழைப்பையே பயன்படுத்துமாறு அறிவுறுத்துவது பாதுகாப்பானது.

இணையத்தில் திறந்திருக்கும் எதையும் போலவே இணைப்பகத்தையும் திருடர்கள் தேடி வருகின்றனர். எக்ஸ்டென்ஷன் 101, கடவுச்சொல்லும் 101 என்று அமைக்கப்பட்ட இணைப்பகத்துக்குள் நுழைந்து, அலுவலகம் மூடியிருக்கும் இரவிலும் வார இறுதியிலும் அதிகக் கட்டணம் கொண்ட வெளிநாட்டு எண்களுக்கு இடைவிடாமல் அழைப்பதே அவர்களின் வழி. அந்த அழைப்புகளின் வருவாயில் அவர்களுக்குப் பங்கு உண்டு, பில்லோ அலுவலகத்துக்கு வருகிறது. நீண்ட கடவுச்சொற்கள், வெளிநாட்டு அழைப்பை அனைவருக்கும் மூடித் தேவைப்படுவோர்க்கு மட்டும் திறந்துவிடுதல், நாளொன்றுக்கு இவ்வளவு எனச் செலவு வரம்பு ஆகிய மூன்றும் இருந்தால் பெரும் இழப்பைத் தடுக்கலாம். உரையாடலைப் பதிவுசெய்யும் வசதியைப் பயன்படுத்தும் அலுவலகம், அழைப்பின் தொடக்கத்திலேயே அதை அறிவித்துவிட வேண்டும். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கும் நிலையில், அப்பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் கேட்கலாம் என்பதற்கு எழுத்துவடிவில் விதி இருப்பது நல்லது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு கேட்டறிய வேண்டியது விலையைப் பற்றி மட்டுமன்று. எண் யாருடைய பெயரில் பதிவாகிறது என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும். இந்தியாவில் எண்ணை மாற்றாமல் சேவை நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 முதல் நாடெங்கும் கைபேசி எண்களுக்கு உண்டு. லேண்ட்லைன் எண்களுக்கு அது விரிவாக்கப்படவில்லை. ஆகவே பல்லாண்டுகளாகக் கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சாகிவந்த பழைய எண்ணைக் காப்பாற்ற விரும்பும் நிறுவனம், அந்த எண்ணை வழங்கிய அதே நிறுவனத்திடம் சிப் டிரங்க் வசதி உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். இடைத்தரகர் வழியே புதிய எண் வாங்கினால், அது தன் நிறுவனத்தின் பெயரிலும் தன் ஆவணங்களின் பேரிலும் பதிவாகியிருப்பதை எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே முன்பணம் செலுத்த வேண்டும்.